தீவை வலம் வந்த நாள்

மலேசியாவின் பினாங்குத் தீவைக் காரில் ஒரு சுற்றுச் சுற்ற நினைக்கிறவர்கள் பெரும்பாலும் காலையில் நேராக வடக்குக் கடற்கரையில் உள்ள பத்து பெரிங்கிக்குத்தான் போவார்கள். ஹோட்டல்கள் அங்கே, மணல் அங்கே, அதனால் அங்கிருந்து தொடங்குவதுதான் சரி என்று தோன்றும். நானும் பல தடவை அப்படித்தான் போயிருக்கிறேன். ஆனால் அப்படிப் போனால் கடல் எதிர்ச்சாலைக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. நினைத்த இடத்தில் காரை ஓரங்கட்டி நிறுத்த முடியாது, மேற்கே பாலிக் பூலாவ் போய்ச் சேரும்போது லக்சா என்னும் நூடல்ஸ் தீர்ந்து சட்டியைக் கழுவிக்கொண்டிருப்பார்கள், சாயங்காலம் பாயான் லெபாஸ் வந்தால் ஊரில் உள்ள எல்லாக் கார்களும் நமக்கு முன்னால் நிற்கும்.

போன ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை அப்பாதான் அதை மாற்றினார். முதல் நாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே, "கோயில எப்படிம்மா சுத்துவோம்? வலமாத்தானே? தீவையும் அப்படியே சுத்து" என்றார். நான் முதலில் பக்தியில் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, இருபத்தைந்து வருடம் அரிசி லாரி ஓட்டியவரின் கணக்கு அது. கிழக்கில் தொடங்கித் தெற்கே இறங்கி, மேற்கே ஏறி, வடக்கு வழியாகத் திரும்பினால் மலை முழுக்க வலப்பக்கம், கடல் இடப்பக்கம். நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம் என்பதால் கடல் ஓரத்துப் பாதை நமக்கு. முன்சீட்டில் இடப்பக்கம் உட்காருகிறவருக்கு நாள் பூராவும் ஜன்னலில் கடல். சூரியன் இறங்கும் நேரத்துக்குச் சரியாகப் பத்து பெரிங்கி வரும்.

எங்கள் வீடு தீவுக்கு எதிரே, பெருநிலத்துக் கரையில் உள்ள பட்டர்வொர்த்தில். அப்பாவுக்கு எழுபத்து மூன்று வயது. அம்மா வரவில்லை, பாலிக் பூலாவ் மலை வளைவுகளில் அவருக்கு வயிற்றைப் புரட்டும். "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு ஜாதிக்காயும் ராத்திரிக்கு நாசி கண்டாரும் வந்தா போதும்" என்று சொல்லிவிட்டார்.

காலை ஏழு மணிக்குப் பாலத்தில் ஏறினோம். 1985ல் திறந்த பழைய பாலம், 13.5 கிலோமீட்டர். அதற்கு முன்னால் லாரியை ஃபெரியில்தான் ஏற்ற வேண்டும், வரிசையில் நின்று நின்றே பாதி நாள் போய்விடும் என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார், இந்த முறையும் சொன்னார். கார் ஏற்றிக்கொண்டிருந்த அந்தப் பெரிய இரண்டடுக்கு ஃபெரிகள் 2020 கடைசியில் நின்றுபோனதில் அவருக்கு இன்னும் வருத்தம் தீரவில்லை. எனக்கும்தான். கடல் காற்றில் எஞ்சினை அணைத்துவிட்டு நின்ற அந்த இருபது நிமிடத்துக்குப் பாலம் ஈடாகாது.

ஜோர்ஜ்டவுனில் காலைச் சாப்பாடு ரொட்டி சானாய். கல்லில் போட்டு எடுத்து இரண்டு கையாலும் அடித்து நொறுக்கித் தட்டில் வைத்து, மேலே கோழிக் குழம்பை ஊற்றித் தந்தார்கள். அப்பா தே தாரேக், அதாவது நுரை பொங்க ஆற்றிய டீ, இரண்டு குடித்தார், சர்க்கரை குறைத்துத்தான் என்று எனக்குச் சத்தியம் செய்தார். அப்புறம் குயின் தெருவுக்கு நடந்து போய் மகா மாரியம்மனைக் கும்பிட்டோம். 1833ல் எழுந்த கோயில், பினாங்கில் உள்ள மிகப் பழைய இந்துக் கோயில். அதே வட்டாரத்தில், சில நிமிட நடையில், 1801ல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பேரில் உள்ள தர்கா. இந்த மூன்றையும் ஒரே காலையில் நடந்து பார்க்கிறபோது, இந்த நகரம் எழுந்த நாளிலிருந்தே நம்மவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பது காலுக்குத் தெரிகிறது. அம்மனைச் சுற்றி வந்ததும் அப்பா, "சரி, இப்ப பெரிய சுத்து" என்றார்.

தெற்கே போகும் கடலோர நெடுஞ்சாலையில் ஏறி, பாலத்தின் அடியில் புகுந்து வெளியே வந்தால் இடப்பக்கம் ஒரு பச்சைத் தீவு நிற்கும். பூலாவ் ஜெரஜாக். அந்தச் சாலையில் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பார்களா என்று தெரியவில்லை. நானும் அதை வெறும் காடாகத்தான் பார்த்திருந்தேன். அன்று அப்பா, "கொஞ்சம் நிறுத்தும்மா" என்றார். கடற்கரை ஓரமாக ஒரு இடம் பார்த்து நிறுத்தினேன்.

தாத்தா நாகப்பட்டினம் பக்கத்து ஆள். பத்தொன்பது வயதில் ரஜூலா கப்பலில், மேல்தளத்துப் பயணியாக வந்தவர். அந்தக் காலத்தில் கப்பலில் அப்படி வந்து இறங்குகிறவர்களை நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக முதலில் ஜெரஜாக்கில்தான் இறக்கிவிடுவார்கள். அங்கே முகாமில் வைத்து, அம்மை, காலரா எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தீவுக்கோ தோட்டத்துக்கோ அனுப்புவார்கள். இது எனக்குத் தெரிந்த கதைதான். தெரியாதது, தாத்தா அப்பாவிடம் சொன்ன இன்னொன்று. ராத்திரியானால் முகாமில் இருந்தவர்கள் கரையில் வந்து உட்கார்ந்து, எதிரே பினாங்கில் தெரியும் விளக்குகளை எண்ணுவார்களாம். எண்ணி முடித்தால் மறுநாள் விட்டுவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு. தாத்தாவும் எண்ணியிருக்கிறார். ஒவ்வொரு ராத்திரியும் கணக்கு வேறாக வந்ததாம்.

நாங்கள் நின்ற இடம் அந்த விளக்குகள் எரிந்த பக்கம். நடுவில் இருக்கும் நீர் ஒன்றும் பெரிய கடல் இல்லை, நன்றாக நீந்தத் தெரிந்த ஒரு பையன் அக்கரை போய்விடலாம் போல்தான் தெரிகிறது. பிறகு அந்தத் தீவில் 1969ல் சிறைச்சாலை வந்து 1993 வரை இருந்தது, இப்போது அதுவும் இல்லை. அப்பா ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வருடத்துக்கு மேல் இதே ஊரில் இருந்துவிட்டு, லாரியில் ஆயிரம் தடவை இந்தப் பக்கம் போய்விட்டு, இதற்காக மட்டும் வண்டியை நிறுத்திப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றார்.

அதற்குப் பிறகு பாயான் லெபாஸ். 1972ல் இங்கே தொழில் பேட்டை திறந்தபோது கிராமங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள், என் சித்தியும் அதில் ஒருவர். பாம்புக் கோயிலில் நிறுத்தவா என்று கேட்டேன். சீனக் கோயில், 1850ல் கட்டியது என்பார்கள், பலிபீடத்திலும் கிளைகளிலும் பச்சை விரியன்கள் சுருண்டு கிடக்கும். அப்பா பாம்புக்கு இறங்க மாட்டார். சரி என்று நேரே பத்து மாவுங் போய்விட்டோம். அங்கே இரண்டாவது பாலம் கடலுக்குள் இறங்கிப் போவதைப் பார்க்கலாம். 2014ல் திறந்தது, மொத்தம் 24 கிலோமீட்டர், அந்தப் பக்க முனை கண்ணுக்கே தெரியாது, வானத்தில் கரைந்துபோகும்.

தெலுக் கும்பாரில் பெரிய சாலையை விட்டு இடது பக்கம் ஒரு சின்னச் சாலை கடலை ஒட்டியே போகும். கெர்தாக் சங்குல் வரைக்கும் போய் அங்கே முடிந்துவிடும், வந்த வழியே திரும்ப வேண்டும். சுற்றுகிறவர்கள் இதைத் தவறவிடுவது அதனால்தான். தவறவிடாதீர்கள். வழுவழுப்பான பெரிய பாறைகள், நிழலுக்கு மரங்கள், நீலமும் மஞ்சளுமாகப் பூசிய படகுகள், வலை பின்னிக்கொண்டிருக்கும் மலாய்க் கிழவர்கள். ஒரு படகு அப்போதுதான் கரைக்கு வந்தது. அப்பா இறங்கிப் போய்க் கூடையை எட்டிப் பார்த்தார், அந்த மீன்காரரோடு மலாயில் கால் மணி நேரம் பேசினார், மீன் வாங்கவில்லை. வெயிலில் நாள் பூராவும் வைத்துக்கொண்டு சுற்ற முடியாதே. இந்தக் கடற்கரைப் பக்கம் இறால் நூடல்ஸ் கடைகளும் கடலுணவுக் கடைகளும் உண்டு. ஒன்று மட்டும் சொல்கிறேன், எடைக்கு விற்கிற மீனை விலை கேட்காமல் சமைக்கச் சொல்லாதீர்கள். தீவில் ஒரு கடையில் முன்பு ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு, பில்லைப் பார்த்து அம்மா அன்று முழுவதும் பேசவில்லை.

தெலுக் கும்பாரிலிருந்து சாலை மலை ஏறி இறங்கும். அந்த வளைவுகளில் அப்பா தன் வலது காலைக் காற்றில் அழுத்திக்கொண்டே வந்தார், பிரேக் அவர் பக்கம் இருப்பதுபோல. "இங்கதான் ஒருதரம் மூட்டை சரிஞ்சுச்சு... இங்க ஒரு கிணறு இருந்துச்சு... இந்தக் கடைக்குத்தான் மாசம் இருபது மூட்டை இறக்குவேன்." கடை இல்லை, அந்த இடத்தில் கார் கழுவும் இடம் இருந்தது. ஆனாலும் அப்பாவுக்கு அது கடைதான்.

பாலிக் பூலாவ் என்றால் தீவின் மறுபக்கம். பெயருக்கு ஏற்றபடி, ஜோர்ஜ்டவுனுக்கும் இதற்கும் நடுவில் ஒரு மலைதான் என்றாலும் வேறு நாட்டுக்கு வந்தது போல இருக்கும். ஒரு சின்ன வட்டச் சாலை, அதைச் சுற்றிப் பழைய கடை வீடுகள், கொஞ்சம் தள்ளிப் போனால் வயல், அதற்கு அப்பால் கடல். பதினொன்றரை மணிக்கே வந்துவிட்டோம். லக்சா சட்டியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. சட்டிக்குப் பின்னால் நின்ற சீன ஆச்சியிடம் அப்பா ஹொக்கியன் மொழியில் ஆரம்பித்தார். பினாங்கில் வளர்ந்த அந்தத் தலைமுறைத் தமிழர்களில் நிறையப் பேருக்கு அது சரளமாக வரும். அந்தம்மா முதலில் நிமிர்ந்து பார்த்தார், பிறகு சிரித்தார், பிறகு "அனே, அனே" என்று எங்களை மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தார். அப்பா அரிசி இறக்கிய கடையை அவருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கடைக்காரர் எப்போது இறந்தார், பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று எல்லாம் பேசி முடிப்பதற்குள் என் லக்சா பாதி காலியாகிவிட்டது.

இங்கே இரண்டு வகை லக்சா. ஒன்று ஆசாம், புளிப்பு. கெம்புங் என்னும் கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, புளியும் ஆசாம் காயும் போட்டுக் காய்ச்சிய சாற்றில் தடித்த அரிசி நூடல்ஸ், மேலே வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா, இஞ்சி இனத்துக் கந்தான் பூ, ஒரு கரண்டி கறுப்பு இறால் விழுது. இன்னொன்று லெமாக், தேங்காய்ப்பால் விட்டது, சயாம் லக்சா என்றும் சொல்வார்கள். அப்பா ஆசாம் கட்சி. "இது நம்ம மீன் குழம்புதான், கொஞ்சம் பூவும் பழமும் போட்டு வச்சிருக்காங்க" என்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புளியும் மீனும் நமக்குப் பழகியவைதான், ஆனால் கந்தான் பூவின் வாசனை நம் அடுப்படியில் எங்கேயும் இல்லாத ஒன்று, அது வந்ததும் அந்தச் சாறு வேறு ஊருக்குப் போய்விடுகிறது. நான் இரண்டையும் பாதிப் பாதி கலந்து வாங்கினேன். கேட்டால் தருவார்கள், கேளுங்கள்.

குடிக்க ஜாதிக்காய் ஜூஸ். நம் வீடுகளில் ஜாதிக்காய் என்றால் கொட்டைதான், பிள்ளைக்கு உரசி நாக்கில் தடவுவோம், பிரியாணியில் துளி போடுவோம். இங்கே அந்தக் கொட்டையைச் சுற்றியுள்ள பழத்தின் சதையைத் தின்கிறார்கள். சாறு எடுத்து ஐஸ் போட்டுக் குடிக்கிறார்கள், சர்க்கரையில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்து இந்தத் தீவில் நட்ட மரம். முதல் வாயில் துவர்ப்பு, அப்புறம் தொண்டையில் ஒரு குளிர்ச்சி. அம்மாவுக்கு உலர்ந்த சதை இரண்டு பொட்டலம், கொட்டை ஒரு பொட்டலம், மூட்டுவலித் தைலம் ஒரு குப்பி வாங்கினோம்.

ஜூன் என்றால் டுரியான். வடக்கே மலை ஏறும் சாலையில் தோட்டங்களின் வாசலிலேயே பலகை போட்டு விற்பார்கள். மரத்திலிருந்து பறிப்பதில்லை, பழம் தானாக விழ வேண்டும், அதற்காக மரத்தடியில் வலை கட்டியிருப்பார்கள். காலையில் விழுந்ததை மத்தியானத்துக்குள் தின்றால்தான் அதன் முழு ருசி. சூப்பர்மார்க்கெட் டுரியானை மட்டும் தின்றுவிட்டுப் பிடிக்காது என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை இங்கே வந்து தின்றுவிட்டுச் சொல்லட்டும். எல்லோரும் கேட்கும் முசாங் கிங்கை அப்பா தொடவில்லை. பினாங்குக்கு வந்தால் பினாங்குப் பழம் என்று ஆங் ஹே ஒன்று வெட்டச் சொன்னார். சிவப்பு இறால் என்று அர்த்தம், சுளையும் அந்த நிறத்தில்தான் இருக்கும். பால்கோவாவில் லேசாகக் கசப்பைக் கலந்தது போல. தின்று முடித்ததும் அந்தத் தோலிலேயே தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டுக் குடித்தோம், சூடு தணிய. மேலே இரண்டு மங்குஸ்தீன். டாக்டரிடம் சொல்ல வேண்டாம் என்றார் அப்பா.

தித்தி கெராவாங் நீர்வீழ்ச்சியில் கால் நனைத்தோம், கூட்டம் அதிகம், நிற்கவில்லை. அணைக்கட்டைத் தாண்டி இறங்கினால் தெலுக் பஹாங். 2003ல் அறிவித்த பினாங்கு தேசியப் பூங்காவின் வாசல் இங்கேதான். உள்ளே கெராச்சுட் கடற்கரை வரை நடந்தால் ஆமைகள் முட்டையிடும் இடம் இருக்கிறது, அதற்கு ஒரு தனி நாளும் நல்ல முழங்காலும் வேண்டும். நாங்கள் படகுத்துறையில் உட்கார்ந்து இளநீர் குடித்தோம். அப்பா அங்கேயே சாய்ந்து முக்கால் மணி நேரம் தூங்கிவிட்டார்.

எழுப்பிக்கொண்டு பத்து பெரிங்கிக்கு வரும்போது ஏழு மணி. இந்தப் பெயர் பலகையைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அன்றுதான் அப்பா உடைத்துக் காட்டினார். பத்து என்றால் கல். பெரிங்கி? "நம்ம பரங்கிதாம்மா." பரங்கிப்பேட்டை, பரங்கிமலை, பரங்கிக்காய் எல்லாவற்றிலும் இருக்கும் அதே பரங்கி, கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரன். போர்த்துகீசியர்களைச் சொன்ன சொல், இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் ஒன்றாகவே நின்றுவிட்டது. ஆகப் பத்து பெரிங்கி என்றால் பரங்கிக்கல். இத்தனை வருடம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. இங்கே கடைத்தெருவில் விற்கும் அபோம் நம் அப்பம், மலாய்க்காரர் சொல்லும் கெடாய் நம் கடை, காப்பால் நம் கப்பல்.

மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். தென்மேற்கில் பார்த்தால் மலை மறைக்கும், ஆனால் ஜூன் மாதம் சூரியன் வடமேற்கில் சாய்வதால் கடலுக்குள்ளேயே இறங்குவது தெரிந்தது. கடல் இங்கே நீலம் இல்லை, சேறு கலந்த பச்சை. அந்த நேரத்தில் மட்டும் செப்புத் தட்டு மாதிரி ஆகிவிடும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் வரை இறங்கி நின்றார்.

இரவுச் சந்தைக் கடைகளுக்குள் போகவில்லை. தஞ்சோங் பூங்கா போகும் வழியில் மியாமி என்று சொல்லும் சின்னக் கடற்கரை ஒன்று வளைவில் வரும். அங்கே நான் வேகத்தைக் குறைத்தேன், அப்பா வானொலியை நிறுத்தினார். 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பம் குடும்பமாக இந்தப் பக்கக் கடற்கரைகளில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் சுனாமி வந்தது. மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில்தான். அந்த இடத்தை இருவரும் பேசாமலே கடந்தோம். அடுத்த திருப்பத்தில் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் பள்ளிவாசலில் விளக்கு எரிந்தது, மக்ரிபுத் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு மறுபடி ஜோர்ஜ்டவுன். அம்மா கேட்ட நாசி கண்டார் இங்கேதான். நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் வைத்துச் சுமக்கும் தடி. ஒரு முனையில் சோற்றுப் பானை, மறு முனையில் குழம்புப் பானை என்று தமிழ் முஸ்லிம்கள் சுமந்து போய்த் துறைமுகத்து வேலையாட்களுக்கு விற்ற சாப்பாடு இது. தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும் காவடியும் இதே அமைப்புத்தானே என்று அப்பா சொல்வார். கடையில் மலாய்க்காரர்கள் "கூவா பஞ்சிர்" என்று கேட்டார்கள், அப்பா தமிழில், "அண்ணே, குழம்பு வெள்ளமா ஊத்துங்க" என்றார். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். மீன் முட்டை, வெண்டைக்காய், கோழிப் பொரியல், நாலு குழம்பும் கலந்து சோறு மூழ்கிவிட்டது. மதியம் தின்ற டுரியானுக்குப் பிறகு இவ்வளவு எப்படி இறங்கியது என்று தெரியவில்லை, இறங்கியது. அம்மாவுக்கு ஒரு பொட்டலம் கட்டச் சொன்னோம், குழம்பு தனியாக.

பாலத்துக்குத் திரும்பும்போது ஜெரஜாக் பக்கம் எட்டிப் பார்த்தேன். இருட்டு, ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பொட்டலத்தைப் பிரித்து, வெண்டைக்காய் இரண்டுதானா என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அப்பா எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "காலைல முதல்ல ஜெரஜாக்குல நிறுத்தினோம் தெரியுமா" என்று தொடங்கினார். நான் ஜாதிக்காய்ப் பொட்டலங்களை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தபோது, லாரி இன்னும் மலை ஏறிக்கொண்டிருந்தது.